ஜப்பானியப் பள்ளி விழாவுக்குப் பெற்றோர் என்ன உடுத்துவது? புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜப்பானில் பள்ளி ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி தொடங்கி மார்ச் 31-ஆம் தேதி முடிகிறது. வேலை மாற்றலாகி ஆண்டின் தொடக்கத்தில் வந்து இறங்கும் குடும்பத்துக்கு வீடு பார்ப்பது, வங்கிக் கணக்கு, நகராட்சிப் பதிவு என்று பிப்ரவரியும் மார்ச்சும் ஓடிவிடும். பிள்ளைக்கு அரசு தொடக்கப்பள்ளியில் இடம் கிடைத்து, ரந்தோசெரு என்ற கனமான முதுகுப்பையும் வாங்கியாகிவிட்டது. எல்லாம் முடிந்தது என்று மூச்சு விடும் நேரத்தில்தான் அந்தக் கேள்வி எழும்: அடுத்த வாரம் நுழைவு விழா, நாங்கள் இருவரும் என்ன உடுத்திக்கொண்டு போவது?

பள்ளியைக் கேட்டால் தெளிவான பதில் கிடைப்பது அரிது. பிள்ளை கொண்டுவர வேண்டிய துணிப்பை எத்தனை சென்டிமீட்டர் நீளம், எத்தனை சென்டிமீட்டர் அகலம் என்று எழுதி அனுப்பும் பள்ளிகள்கூடப் பெற்றோர் உடையைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை. அங்கே வளர்ந்தவர்களுக்கு அது சொல்லாமலே தெரியும். தம் தாய் உடுத்தியதைப் பார்த்தவர்கள் அவர்கள். நமக்கு அப்படிப் பார்த்த நினைவு இல்லை. டோக்கியோவின் எடோகாவா வட்டத்தில் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். உங்கள் உடை எந்த நாட்டுடையது என்று அங்கே யாரும் அளப்பதில்லை. அந்த நிகழ்ச்சியின் தரத்துக்கு ஏற்றதா என்றுதான் பார்க்கிறார்கள். 1960-களில் ஆண்கள் உடைத் தொழிலில் பெயர் பெற்ற இஷிசு கென்சுகே என்பவர் நேரம், இடம், சந்தர்ப்பம் (டைம், பிளேஸ், அக்கேஷன்) என்ற மூன்றின் ஆங்கில முதலெழுத்துகளையும் சேர்த்து டி.பி.ஓ. என்ற சொல்லைப் பரப்பினார். இன்றும் ஜப்பானியர் உடையைப் பற்றிப் பேசும்போது அந்த மூன்றெழுத்து வந்துவிடும். கிமோனோவிலேயே இந்தப் படிநிலை உண்டு. யுகாதா கோடைத் திருவிழாவுக்கு உரியது. ஹோமோங்கி என்ற பட்டுக் கிமோனோ பள்ளி விழாவுக்கும் உறவினர் விருந்துக்கும் உரியது. கருப்பு நிறத்தில் குலச்சின்னம் பொறித்த தோமெசோதே, திருமண வீட்டின் நெருங்கிய உறவுப் பெண்கள் உடுத்துவது. நம் வீட்டு அலமாரியிலும் இதே வரிசை இருக்கிறது: சுங்குடி, மென்பட்டு, முகூர்த்தப் பட்டு. இந்த ஒப்புமையைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. புடவையை ஒளித்துவைக்க வேண்டியதில்லை. எந்தப் புடவை என்று தேர்ந்தெடுக்கத் தெரிந்தால் போதும்.

கடிதத்தைப் படிக்கும் முறை

பள்ளியிலிருந்து வரும் தாளைக் கைப்பேசி மொழிபெயர்ப்பில் காட்டுவீர்கள். அங்கே சில சொற்கள் தவறான பொருள் தரும். அவற்றில் மிக மோசமானது ஹெய்ஃபுகு. "சாதாரண உடையில் வாருங்கள்" என்று மொழிபெயர்ப்பு காட்டும். அதை நம்பி ஜீன்ஸ் அணிந்து போனால் அறையில் நீங்கள் ஒருவர் மட்டுமே ஜீன்ஸில் இருப்பீர்கள். சடங்குக்குரிய முழு முறையுடை தேவையில்லை, அதற்கு ஒரு படி கீழே இருந்தால் போதும் என்பதே அந்தச் சொல்லின் பொருள். ஆணுக்குக் கோட்டு சூட்டு, பெண்ணுக்கு ஜாக்கெட்டுடன் கூடிய உடை அல்லது நல்ல பட்டுப் புடவை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

"உகோகியாசுய் ஃபுகுசோ" என்றால் ஓடியாட வசதியான உடை. விளையாட்டு விழாவுக்கும் பள்ளித் தூய்மைப் பணிக்கும் இப்படி எழுதுவார்கள். "யோகொரெதேமோ இய்" என்று இருந்தால் அழுக்கானாலும் பரவாயில்லாத துணி. அன்று புல் பிடுங்கவோ ஜன்னல் துடைக்கவோ கூப்பிட்டிருக்கிறார்கள். "குந்தே" என்று சேர்ந்திருந்தால் வெள்ளைப் பருத்திக் கையுறை கொண்டுபோக வேண்டும். "உவாபாகி" அல்லது "சுரிப்பா" என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று கட்டாயம் தேடுங்கள். அது உள்ளே அணியும் காலணி. இல்லாவிட்டாலும் கொண்டுபோங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

காலில் இருந்து தொடங்குங்கள்

உடை வழிகாட்டிகள் எல்லாம் மேலிருந்து கீழே வரும். ஜப்பானியப் பள்ளிக்குக் கீழிருந்துதான் மேலே போக வேண்டும். பெரும்பாலான பள்ளிகளில் வாசலிலேயே வெளிக்காலணியைக் கழற்றிவிட வேண்டும். பிள்ளைகளுக்கு அவரவர் அலமாரிப் பெட்டி உண்டு. பெற்றோர் தங்கள் காலணியை ஒரு பையில் போட்டுக் கையிலேயே வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த ஸ்லிப்பரை அணிந்து உள்ளே போவார்கள்.

என் மூத்த மகளின் நுழைவு விழாவுக்குப் புடவை, நகை, கோட்டு எல்லாவற்றையும் மூன்று நாள் யோசித்தேன், இதை யோசிக்கவில்லை. வாசலில் அத்தனை பேரும் பையிலிருந்து ஸ்லிப்பரை எடுத்தபோது நான் மெல்லிய காலுறையோடு நின்றேன். சூடேற்றாத உடற்பயிற்சிக் கூடத்தின் பலகைத் தரையில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் கால் வைத்திருந்ததில் விரல்கள் மரத்துப்போயின. பக்கத்து நாற்காலியில் இருந்த தாய் ஒன்றும் பேசாமல் தன் பையிலிருந்து கைரோ என்ற, வெப்பம் தரும் சிறு பொட்டலம் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். அந்த விழாவில் குழந்தைகள் பாடிய பாட்டைவிட அந்தக் கை எனக்கு அதிகம் நினைவிருக்கிறது.

ஆகவே முதல் கொள்முதல் ஒரு ஜோடி ஸ்லிப்பர். கருப்பு அல்லது கருநீலம், மடித்துச் சிறு பையில் வைக்கக் கூடியது. 100 யென் கடையிலேயே கிடைக்கும். ஆனால் அந்த மலிவு ஸ்லிப்பர் நடக்கும்போது தரையில் அடித்துச் சத்தம் போடும், மாடிப்படியில் கழன்று விழும். அதனால் குதிகாலையும் மூடிப் பிடிக்கும் வகையை வாங்கச் சொல்வேன். ஆறு ஆண்டுக்கு அது உழைக்கும். அதோடு வெளிக்காலணிக்கு ஒரு பை வேண்டும். நெகிழிப் பை சரசரக்கும், துணிப்பையே நல்லது.

ஸ்லிப்பர் இன்னொரு விஷயத்தையும் தீர்மானிக்கிறது: உடையின் நீளம். வீட்டில் குதி உயர்ந்த காலணியோடு புடவை கட்டிப் பார்த்துவிட்டு, பள்ளியில் தட்டையான ஸ்லிப்பருக்கு மாறினால் கொசுவம் தரையில் புரளும், மிதிபடும், மாடிப்படியில் ஆபத்தாகவும் முடியும். அப்பாக்களின் கால்சட்டைக்கும் இதே நிலைதான். கண்ணாடி முன்னால் நிற்கும்போது ஸ்லிப்பரைப் போட்டுக்கொண்டே புடவையைக் கட்டுங்கள். வெளியே நடக்கையில் அரை அங்குலம் உயர்ந்து தெரிந்தால் அதனால் ஒரு குறையும் இல்லை. கால் விரலில் மெட்டி இருந்தால் மெல்லிய காலுறையைக் கிழித்துவிடும். மாற்று ஜோடி ஒன்று பையில் இருக்கட்டும்.

நுழைவு விழா

நியூகாகுஷிகி என்ற நுழைவு விழா ஏப்ரல் முதல் வாரத்தின் இறுதியிலோ அதையொட்டியோ வரும். பள்ளி வாழ்க்கையிலேயே பெற்றோர் மிகக் கவனமாக உடுத்தும் நாள் இது. வாசலில் பள்ளியின் பெயரும் விழாவின் பெயரும் எழுதிய பலகை நிற்கும். அதன் அருகே பிள்ளையை நிறுத்திப் படமெடுக்க எல்லாக் குடும்பங்களும் வரிசையில் காத்திருக்கும். செர்ரி மலர் உதிராமல் இருந்தால் அதுவும் படத்தில் விழும். அந்தப் படம் பாட்டி வீட்டுக்குப் போகும், சட்டமிடப்படும்.

தாய்மார்களின் வழக்கமான உடை, காலர் இல்லாத குட்டை ஜாக்கெட்டும் அதனுடன் முழங்காலை மறைக்கும் உடையும். வசந்தத்துக்கேற்ற வெளிர் நிறங்கள்: பால் வெள்ளை, மணல் நிறம், இளம் ரோஸ், வெளிர் நீலம். கருநீலமும் ஏராளமாகத் தென்படும், ஏனென்றால் ஒரே சூட்டைப் பட்டமளிப்புக்கும் பயன்படுத்தலாம். இடது மார்பில், காறையெலும்பை ஒட்டிச் சற்று உயரத்தில், கோசாஜு என்ற துணிப்பூவைக் குத்திக்கொள்வார்கள். கழுத்தில் ஒற்றைச் சர முத்துமாலை. கண்ணாடி முத்தும் பருத்தி முத்தும் அங்கே இயல்பானவை, உண்மையான முத்தாக இருக்க வேண்டிய தேவை இல்லை. உங்களிடம் அம்மா கொடுத்த தூத்துக்குடி முத்து ஒன்று பெட்டியில் கிடந்தால் அதை வெளியே எடுக்க இதைவிடப் பொருத்தமான நாள் வராது. கொற்கை முத்துக் குளித்த மண்ணிலிருந்து வந்தவர்களுக்கு, மிகிமோதோ கோகிச்சி 1893-இல் முத்தை வளர்த்தெடுத்த நாட்டில் முத்து அணிவது அந்நியமாகத் தோன்றாது.

இப்போது புடவை. நான் இரண்டு நுழைவு விழாவுக்கும் புடவைதான் உடுத்தினேன், ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. தாய்மார்களில் சிலர் ஹோமோங்கி உடுத்தி வருவார்கள்; அவர்கள் வரிசையில் மென்பட்டோ எடை குறைந்த ஆரணிப் பட்டோ நன்றாகவே பொருந்தும். சந்தன நிறம், மாந்தளிர், வெங்காயத்தோல் நிறம், வெளிர் பிஸ்தா ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கரை ஒடுங்கியதாக இருக்கட்டும். சாண் அகலச் சரிகையும் அடர்ந்த முந்தானையும் கொண்ட காஞ்சிப் பட்டு வேண்டாம் என்றே சொல்வேன். அது அழகில்லை என்பதற்காக இல்லை. அது தோமெசோதேயின் படியில் இருக்கிறது, கல்யாண வீட்டுக்கு உரியது. அன்று கூடத்தில் எல்லாக் கண்ணும் ஆறு வயதுக் குழந்தைகள் மீது இருக்க வேண்டும்.

குளிரைக் கணக்கில் எடுக்காமல் புடவையைத் திட்டமிடாதீர்கள். ஏப்ரல் தொடக்கத்தில் டோக்கியோவில் வெளியே வெயில் இருந்தாலும் உடற்பயிற்சிக் கூடத்துக்குள் குளிர் தங்கியிருக்கும். குட்டைக் கை ரவிக்கைக்குப் பதிலாக முழுக்கை ரவிக்கை தைத்துக்கொண்டு வாருங்கள். ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன் தையல்காரரிடம் சொல்லி, உள்ளே ஓர் உள்ளாடை அணியும் அளவுக்குத் தளர்வாகத் தைக்கச் சொல்லுங்கள். உள்பாவாடைக்குக் கீழே தடித்த லெகிங்ஸ் அணிந்தால் யாருக்கும் தெரியாது. மேலே ஒரு சால்வை அல்லது ஒரே நிறக் குட்டை ஜாக்கெட். பருத்த பஞ்சுக் கோட்டைத் தவிர்த்து, மணல் நிறத்தில் நீளக் கோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டால் விழாவில் மடித்து மடியில் வைத்துக்கொள்ளலாம். முதுகில் ஒட்டும் கைரோ ஒன்று ரவிக்கைக்கு மேல், சால்வைக்குக் கீழ். தோலில் நேரடியாக ஒட்டினால் சுட்டுவிடும்.

விழாவில் எழுந்து நிற்பதும் குனிந்து வணங்குவதும் மீண்டும் உட்காருவதும் பலமுறை நடக்கும். "கிரிட்சு, ரெய், சாகுசெகி" என்று குரல் வரும்: எழு, வணங்கு, அமர். ஒவ்வொரு வணக்கத்துக்கும் முந்தானை முன்னால் சரிந்தால் உங்களுக்கே எரிச்சலாக இருக்கும். தோளில் இரண்டு ஊக்கு, இடுப்புக் கொசுவத்தில் ஒன்று, முந்தானை மடிப்பை விரித்துவிடாமல் அடுக்கிக் குத்துங்கள். இடுப்பு வெளியே தெரியாதபடி ஓர் ஊக்கு பக்கவாட்டிலும் இருக்கட்டும். குனிந்து பாருங்கள், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். முதல் நாளே வீட்டில் ஒத்திகை செய்தால் விழாவில் கை புடவையைத் தேடாது.

நகையில் கவனிக்க வேண்டியது, மின்னுவதைவிடச் சத்தம். குழந்தைகள் ஒருவர்பின் ஒருவராகப் பெயர் கூப்பிடக் கேட்டு "ஹாய்" என்று பதில் சொல்லும் நேரத்தில் அந்தக் கூடம் அவ்வளவு அமைதியாக இருக்கும். கண்ணாடி வளையல் குலுங்கினால் பத்து வரிசைக்குக் கேட்கும். கொலுசைக் கழற்றி வைத்துவிடுங்கள். தாலி, மூக்குத்தி, பொட்டு ஆகியவற்றில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. மல்லிகைச் சரம் கிடைத்தால்கூட அன்று வேண்டாம். கடும் வாசனை பிறரை வருத்தும் என்பது அங்கே வளர்ந்துவரும் கவலை. துணி துவைக்கும் திரவத்தின் மணத்தைக் குறைக்கச் சொல்லும் அறிவிப்பைப் பள்ளிச் சுவரிலேயே பார்த்திருக்கிறேன். வாசனைத் திரவியத்துக்கும் அதே விதி. புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்து இரண்டு நாள் காற்றாட விடுங்கள், இரசகற்பூர வாடை போகட்டும்.

தலைமறைப்பு அணியும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: உடையின் நிறத்தோடு ஒத்த ஒரே நிறத் துணியாக, பளபளக்கும் கல் ஊசி இல்லாமல் கட்டினால் அந்த வரிசையில் அது முழுமையாகப் பொருந்தும். பூவை மார்பில் குத்த இடமில்லாவிட்டால் குத்தாமலே விடலாம்.

தந்தையருக்கு வேலை எளிது. கருநீலம் அல்லது கரும்சாம்பல் சூட்டு, வெள்ளைச் சட்டை, வெளிர் நிறக் கழுத்துப்பட்டி. அலுவலகத்துக்கு அணியும் சூட்டே போதும். நன்றாக இஸ்திரி போட்டிருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: கருப்புச் சூட்டும் கருப்புக் கழுத்துப்பட்டியும் சேர்ந்தால் அது துக்க உடை. முழு வெள்ளைக் கழுத்துப்பட்டி கல்யாணத்துக்கு உரியது. வேட்டி கட்ட ஆசைப்படும் அப்பாக்களை நான் தடுக்கமாட்டேன். பட்டு வேட்டியோடு வெள்ளைச் சட்டையும் மேலே கருநீலக் கோட்டும் போட்டு வந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன், கம்பீரமாக இருந்தது. ஆனால் இடைவார், உள்ளே கம்பளிக் காற்சட்டை இரண்டும் இல்லாமல் முயல வேண்டாம்.

பட்டமளிப்பு விழா

சோட்சுக்யோஷிகி மார்ச் நடுவிலிருந்து இறுதிக்குள் நடக்கும். இது விடைபெறும் நாள் என்பதால் நிறம் ஒரு படி அடர்கிறது. தாய்மார்கள் கருநீலம், கருப்பு, சாம்பல் நிற சூட்டில் வருவார்கள். பூவும் முத்தும் அப்படியே இருக்கும். புடவையில் மயில் கழுத்து, கருநீலம், அடர்ந்த அரக்கு, சாம்பல் நீலம் ஆகியவை பொருந்தும்.

இங்கே நாம் வழுக்கக் கூடிய இடம் கருப்பு. துக்க உடைக்குரிய கருப்பு ஒளியே இல்லாத ஆழ்ந்த கருப்பு. அதோடு கருப்புக் காலுறை, கருப்புப் பை, பூ இல்லாத மார்பு எல்லாம் சேர்ந்தால் சாவு வீட்டுத் தோற்றம் வந்துவிடும். கருப்பு உடுத்தினால் காலுறை தோல் நிறத்தில் இருக்கட்டும், மார்பில் வெளிர்ப் பூ இருக்கட்டும். நம் ஊரில் நல்ல காரியத்துக்குக் கருப்பு ஆகாது என்று வளர்ந்தவர்களுக்கு அந்தக் கூடம் முழுவதும் கருப்பாகத் தெரிவது முதலில் அதிர்ச்சி தரும். அங்கே அது கண்ணியத்தின் நிறம். 1960-களின் பிற்பகுதியிலும் 70-களிலும் கிமோனோவின் மேல் கருப்பு ஹாஒரி என்ற மேலாடையைப் போட்டுக்கொண்டு பள்ளி விழாவுக்கு வருவது தாய்மார்களின் சீருடை போலவே இருந்தது. வயதான ஆசிரியர் ஒருவர் தன் தாயின் பழைய படத்தைக் காட்டி இதை எனக்கு விளக்கினார். சூட்டுக்கு மாறிய பிறகும் அந்த நிறம் தங்கிவிட்டது.

மார்ச் மாதக் காலை ஏப்ரலைவிடக் குளிரும். மேலே சொன்ன உள்ளாடை, கைரோ எல்லாவற்றையும் இரட்டிப்பாகப் பின்பற்றுங்கள். கைக்குட்டை இரண்டு வேண்டும். ஆறு ஆண்டு கூட வந்த குழந்தைகள் பாடத் தொடங்கும்போது அழாத தாயை நான் பார்த்ததில்லை.

கிமோனோவை வாடகைக்கு எடுத்து உடுத்த விரும்பினால் தாராளமாகச் செய்யலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். உடுத்திவிடுபவரை முன்பதிவு செய்ய வேண்டும். விழா நாளில் காலை ஐந்து மணிக்கே அவர்கள் நேரம் நிரம்பிவிடும். நீங்களே கட்டிக்கொண்டால் இடது பக்கத் துணி மேலே வர வேண்டும். வலது பக்கம் மேலே வந்தால் அது இறந்தவருக்கு உடுத்தும் முறை.

எங்கே, எப்போது வாங்குவது

ஜனவரி, பிப்ரவரியிலேயே பெருங்கடைகளில் விழா உடைப் பகுதி திறந்துவிடும். மார்ச் இறுதியில் போனால் நடு அளவுகள் தீர்ந்திருக்கும். புது சூட்டு சுமார் 10,000 யென்னில் தொடங்கும், 30,000 யென்னுக்கு மேலும் உண்டு. பெண்கள் உடையின் அளவு 7, 9, 11, 13 என்று எண்ணில் இருக்கும், 9 நடுத்தரம். நம் பெண்களில் பலருக்கு உயரம் 9-க்கும் இடுப்பு 13-க்கும் பொருந்தும். பெரிய அளவை வாங்கி ஓனாவோஷி என்ற திருத்தகத்தில் கையையும் நீளத்தையும் குறைத்துக்கொள்வதுதான் வழி. அதற்கு ஒரு வாரமாவது பிடிக்கும். மெருகாரி போன்ற பழைய பொருள் விற்பனைச் செயலிகளில் ஒரே முறை உடுத்திய சூட்டு பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். வாடகைக்கும் கிடைக்கும். புடவை உடுத்தப் போகிறவர்கள் இந்தப் பணத்தை நல்ல கோட்டில் போடுங்கள்.

கைப்பை சிறியதாக இருந்தாலும் அதோடு ஏ4 தாள் மடிக்காமல் நுழையும் கருப்போ கருநீலமோ ஆன துணைப்பை ஒன்று வேண்டும். நுழைவு விழா நாளில் இலவசப் பாடநூல்களும் கட்டுக்கட்டாகப் படிவங்களும் கையில் தருவார்கள். ஊரில் ஜவுளிக்கடை கொடுத்த மஞ்சள் பையில் அதைப் போட்டுத் தூக்கிவரும் நிலை வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

வகுப்பைப் பார்க்கப் போகும் நாள்

ஜுக்யோ சங்கான் என்பது பெற்றோர் வகுப்பறையின் பின்புறம் நின்று பாடத்தைப் பார்க்கும் நாள். தொடக்கப்பள்ளியில் ஒரு பாடவேளை 45 நிமிடம்; முழுவதும் நிற்க வேண்டும். அதன்பின் பெற்றோர் கூட்டமும் இருக்கலாம். இதற்கு சூட்டு வேண்டாம், பட்டும் வேண்டாம். வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்குப் போவதுபோல் உடுத்துங்கள். பருத்திக் குர்தாவும் ஒரே நிறக் கால்சட்டையும் மேலே கார்டிகனும் இருந்தால் போதும். துப்பட்டாவைத் தவிர்ப்பது நல்லது, நெருக்கி நிற்கும்போது பக்கத்தவர் மேல் விழுந்துகொண்டே இருக்கும். காலுறையில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள், அங்கே எல்லார் கண்ணும் காலுக்குத்தான் போகும். பெற்றோர் அடையாள அட்டை கொடுத்திருந்தால் கழுத்தில் தொங்கவிட்டே நுழையுங்கள்.

ஆசிரியரைத் தனியே சந்திக்கும் நாளுக்கும் இதே உடை போதும். குழந்தைகளுக்கான தாழ்ந்த நாற்காலியில் உட்கார வேண்டியிருக்கும், அதனால் இறுக்கமான பாவாடை வேண்டாம்.

விளையாட்டு விழா

உண்டோகாய் முன்பு பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில் நடக்கும். 1964 டோக்கியோ ஒலிம்பிக் அக்டோபர் 10-ஆம் தேதி தொடங்கியதால் அந்த நாளே பின்னர் விளையாட்டு விடுமுறையாயிற்று. இப்போது பல பள்ளிகள் மே, ஜூனில் நடத்துகின்றன. மைதானம் மண் தரை. கயிறிழுத்தலுக்குப் பெற்றோரைக் கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள். முடிந்ததும் கூடாரம் பிரிக்க அப்பாக்களைக் கேட்பார்கள். ஓட்டக் காலணி, ஜீன்ஸ் அல்லது தளர்ந்த கால்சட்டை, வியர்வை உறிஞ்சும் சட்டை, தொப்பி. இந்த ஒரு நாளில் மட்டும் புடவையைத் திட்டவட்டமாக மறந்துவிடுங்கள். குடையும் வேண்டாம்; பின்னால் இருப்பவர் தன் பிள்ளை ஓடுவதைப் பார்க்க முடியாமல் போகும். தரையில் விரிப்பில் உட்கார்ந்து எழ வேண்டியிருப்பதால் எளிதில் கழற்றக் கூடிய காலணியாக இருக்கட்டும்.

தனியார் பள்ளியும் நம் பள்ளியும்

தனியார் தொடக்கப்பள்ளிக்கு விண்ணப்பிப்பவர்களுக்குத் தனி விதி. டோக்கியோவில் அந்தத் தேர்வுக் காலம் நவம்பர் 1-இல் தொடங்குகிறது. பெற்றோர் நேர்காணலுக்குக் கருநீலம், கருநீலம் மட்டுமே. ஸ்லிப்பர்கூடக் கருநீலம். பூ வேண்டாம். நான் புடவையை எல்லா இடத்திலும் ஆதரிப்பவள், இங்கே மட்டும் சூட்டையே உடுத்தச் சொல்வேன். பத்து நிமிட நேர்காணலில் பேச்சு உங்கள் பிள்ளையைப் பற்றி இருக்க வேண்டும், உடையைப் பற்றி ஆகிவிடக் கூடாது. டோக்கியோவில் இருக்கும் இந்தியப் பள்ளிகளின் தீபாவளி, ஆண்டு விழாக்களில் இந்தக் கட்டுரையில் சொன்ன எதுவும் செல்லாது. ஒதுக்கிவைத்த காஞ்சிப் பட்டும் சரிகையும் வளையலும் மல்லிகையும் அன்றைக்குத்தான்.

முதல் நாள் இரவில்

உடையைத் தொங்கவிட்டு, ஊக்குகளை ஒரு தீப்பெட்டியில் எண்ணிப் போடுங்கள். துணைப்பைக்குள் ஸ்லிப்பர், காலணிப் பை, மாற்றுக் காலுறை, கைரோ, கைக்குட்டை, பள்ளி அனுப்பிய கடிதம், ஒரு பேனா. மழை என்றால் குடையின் பிடியில் வண்ண நூல் கட்டுங்கள். வாசலில் நூறு ஒரே மாதிரி, கண்ணாடி போன்ற நெகிழிக் குடைகள் நிற்கும். பல பள்ளிகளில் காரில் வரக் கூடாது, மிதிவண்டிக்கும் தடை இருக்கலாம். நடந்தே போகும் தூரத்தைப் புடவையோடு கணக்கிட்டுப் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புங்கள்.

வீடு திரும்பியதும் பூவை மெல்லிய தாளில் சுற்றி ஒரு பெட்டியில் வையுங்கள். சூட்டைச் சலவைக்குக் கொடுங்கள், அடுத்த முறை எடுக்கும்போது மடிப்பு கலையாமல் இருக்கும். ஸ்லிப்பரை மட்டும் அலமாரிக்குள் போடாதீர்கள். பையோடு வாசல் கொக்கியிலேயே தொங்கட்டும், ஏப்ரல் முடிவதற்குள் முதல் ஜுக்யோ சங்கானுக்கு அழைப்பு வந்துவிடும்.